மா பூத்ததும் மா ஓடியதும்

சென்ற இதழில் புற்றுநோயைப் பற்றி வெளியான நீண்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்க்க. இரண்டாம் முறை, முதல் முறை கண்ணில் பட்டதெல்லாம் மெய்யாகவே அச்சில் ஏறியிருக்கிறதா என்று சரிபார்க்க. ஏறித்தான் இருக்கிறது. தத்துவத்தைத் தொட்டுக்கொண்டு உயிரியலைச் சாப்பிடும் இந்த வகை எழுத்துக்குத் தமிழில் எப்போதும் ஒரு பந்தி காத்திருக்கும் என்பதால், இலை எடுப்பதற்குள் சிலவற்றைச் சொல்லிவிடுவது நல்லது.

கட்டுரையாளரின் தரப்பைச் சுருக்குவதில் நியாயம் தவற வேண்டாம். அவர் சொல்வது ஐந்து. ஒன்று, செல்கள் ஒன்றுக்கொன்று சமிக்ஞை அனுப்புகின்றன என்பது தந்தியும் ராணுவமும் கண்ட மேற்குலகின் உருவகம்; இயற்கையில் அப்படி எதுவும் கிடையாது. இரண்டு, கரு என்பது ஆக்கம், புற்று என்பது அழிவு. இரண்டையும் ஒரே மூலக்கூறு நடத்துகிறது என்பது தர்க்கத்துக்கே அவமானம். மூன்று, ஈயைப் பார்த்து மனிதனை அறிந்துவிடலாம் என்பது ஆணவம். நான்கு, இந்தக் கொள்கை மெய்யானால் மருந்து எங்கே? ஐந்து, கரு தன் முழுமையறிவால் வளர்கிறது. அந்த முழுமையைத் தொலைத்த நாகரிகத்தின் உடலில்தான் புற்று முளைக்கிறது. அடுக்கிப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஒரு செங்கலைத் தொட்டால்தான் சிக்கல்.

உருவகத்திலிருந்து தொடங்குவோம். ‘மின்னோட்டம்’ என்ற சொல்லுக்குள்ளும் ஓர் ஓட்டம் இருக்கிறது. அது வெறும் உருவகம்தானே என்று அன்பர் ஈரக் கையால் சுவிட்சைத் தொட்டுப் பார்ப்பாரா? பெயர் எங்கிருந்து இரவல் வந்தது என்பது ஒரு கேள்வி, பெயரிடப்பட்டது இருக்கிறதா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு விடை கண்டுபிடித்துவிட்டு இரண்டாவதையும் முடித்துவிட்டதாக எண்ணுவது, ஜாதகம் பார்த்தாயிற்று, இனிக் கல்யாணம் எதற்கு என்று கேட்பதைப் போன்றது. 1924இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் ஹான்ஸ் ஸ்பேமானும் ஹில்டே மாங்கோல்டும் வெளியிட்ட சோதனையைக் கட்டுரையாளர் கேள்விப்பட்டிருக்கலாம், அல்லது கேள்விப்படாமல் இருப்பதே தம் வாதத்துக்கு நல்லது என்று முடிவு செய்திருக்கலாம். நியூட் என்ற நீர்நில உயிரியின் கருவிலிருந்து ‘முதுகுப்புற உதடு’ எனப்படும் ஒரு துணுக்கை வெட்டி, நிறம் வேறான இன்னொரு நியூட் இனத்தின் கருவில், வயிறாக வேண்டிய பக்கத்தில் ஒட்டவைத்தார்கள். அங்கே இரண்டாவதாக ஓர் உடல் முளைத்தது. நிறத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால், அந்த இரண்டாம் உடலின் பெரும்பகுதி ஒட்டவைத்த துணுக்கால் ஆனதல்ல. ஏற்றுக்கொண்ட கருவின் செல்களே தம் வேலையை மாற்றிக்கொண்டு முதுகும் நரம்புமாக ஆகியிருந்தன. வயிறாக இருந்திருக்க வேண்டியவற்றிடம் யாரோ எதையோ சொல்லியிருக்கிறார்கள். அதைச் சமிக்ஞை என்று அழைக்கக் கூசினால் ‘காற்றுவாக்கில் வந்த செய்தி’ என்று அழைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

சொன்னது என்ன, எதால் சொன்னது என்பதும் மர்மமாகவே நின்றுவிடவில்லை. 1968இல் ஜான் சாண்டர்ஸும் மேரி கேஸலிங்கும் கோழிக் கருவின் சிறகு மொட்டில் பின்னோரத்துத் திசுவை எடுத்து முன்னோரத்தில் நட்டார்கள். மூன்று விரல் வர வேண்டிய சிறகில் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஆறு விரல்கள் வந்தன. அந்த ஓரம் எதைச் சுரக்கிறது என்பது 1993இல் தெரிந்தது. ஹார்வர்டில் கிளிஃப் டேபினின் ஆய்வுக்கூடத்தில், பின்னோரத்துத் திசுவை நடாமல், ஒரேயொரு மரபணுவை மட்டும் முன்னோரத்தில் இயங்கவைத்தார்கள். அதே இரட்டைச் சிறகு வந்தது. அந்த மரபணுவின் பெயர் சோனிக் ஹெட்ஜ்ஹாக். அதன் புரதத்தின் செயல்படும் துண்டு சுமார் 19 கிலோடால்டன் எடை கொண்டது, வாலில் ஒரு கொலஸ்ட்ரால் மூலக்கூறு ஒட்டப்பட்டது. உருவகத்தைத் தராசில் நிறுத்த முடியும் என்பதும், உருவகத்துக்கும் கொலஸ்ட்ரால் உண்டு என்பதும் இலக்கியக் கோட்பாட்டாளர்களுக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

இரண்டாவது வாதம் கட்டுரையாளருக்கு மிகவும் பிடித்தமானது போலும், நான்கு பக்கம் எடுத்துக்கொள்கிறார். ஆக்குவதும் அழிப்பதும் ஒன்றாக இருக்க முடியுமா என்று வியக்கிறார். ஆக்கல், காத்தல், அழித்தல் மூன்றையும் ஒரே பரம்பொருளின் தலையில் கட்டிய மரபில் பிறந்த ஒருவருக்கு இந்த வியப்பு எப்படி வந்தது என்பதே தனி ஆராய்ச்சிக்குரியது. போகட்டும், மூலக்கூறுக்கு வருவோம். ஹைடல்பெர்கில் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷவுஸும் பழ ஈயின் கருவைக் குலைக்கும் மரபணுக்களைத் தேடி 1980இல் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். 1995இல் நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒரு மரபணு பழுதானால் ஈயின் புழு உடலெங்கும் முள் மண்டிப் போனது. அதற்கு முள்ளெலி என்ற பொருளில் ஹெட்ஜ்ஹாக் என்று பெயர் வைத்தார்கள். முதுகெலும்பிகளில் பிறகு கிடைத்த அதன் தம்பிக்கு ஒரு வீடியோ விளையாட்டு முள்ளெலியின் பெயர் போய்ச் சேர்ந்தது. இதன் இயக்கம் கிராமத்துக் காவலைப் போன்றது. செல்லின் மேற்பரப்பில் ‘பேட்ச்டு’ என்றொரு புரதம். அது ‘ஸ்மூத்தெண்டு’ என்ற இன்னொன்றை வாய் திறக்கவிடாமல் அடக்கி வைத்திருக்கிறது. ஹெட்ஜ்ஹாக் வந்து பேட்ச்டைப் பிடித்துக்கொண்டால் ஸ்மூத்தெண்டு விடுபட்டு, பெருகு என்ற ஆணையைச் செல்லின் உட்கருவுக்கு அனுப்புகிறது.

இப்போது ஒரு குழந்தையின் சிறுமூளைக்கு வாருங்கள். பிறப்பை ஒட்டிய மாதங்களில் அங்கே பர்க்கின்ஜி செல்கள் சோனிக் ஹெட்ஜ்ஹாக்கைச் சுரக்க, மேலே இருக்கும் முன்னோடிச் செல்கள் அதைக் கேட்டுக் கேட்டுப் பெருகுகின்றன. மனித மூளையின் நியூரான்களில் பெரும்பான்மை இப்படிப் பிறந்த சிறுமூளைத் துகள் செல்கள்தாம். நாம் தடுமாறாமல் நடப்பது இந்தப் பெருக்கத்தின் தயவால். பிறகு அவை பெருகுவதை நிறுத்தி, உள்ளே இறங்கி, நரம்பாக முதிர்கின்றன. ஆனால் ஒரு முன்னோடிச் செல்லில் பேட்ச்டு மரபணுவின் இரண்டு படிகளும் பழுதாகிவிட்டால்? காவலாளி இல்லை, சமிக்ஞை வராமலே வந்ததுபோல் ஆகிவிடுகிறது, நிறுத்து என்பது அந்தச் செல்லுக்குக் கேட்பதே இல்லை. அதன் பெயர் மெடுல்லோபிளாஸ்டோமா, குழந்தைகளின் மூளைப்புற்றுகளில் முக்கியமானது. அதன் ஒரு வகை பிறப்பது இப்படித்தான். அதே செல், அதே பாதை, அதே ஆணை. முடியவேண்டிய நாளில் முடியவில்லை, அவ்வளவுதான். பேட்ச்டின் ஒரு படி பழுதாகவே பிறப்பவர்களுக்கு கோர்லின் நோய்க்குறி வருகிறது. தோலில் அடித்தளச் செல் புற்று மீண்டும் மீண்டும் முளைக்கும், சிலருக்குச் சிறுவயதிலேயே மூளைக்கட்டியும் வரும். அந்த மரபணுவைக் கையும் களவுமாகப் பிடித்தது 1996இல். கட்டுரையாளர் எழுதியதோ இப்போது.

தமிழாசிரியர்களிடம் படித்தவர் என்று தம்மை அறிமுகம் செய்துகொள்பவருக்கு இது ஏன் புரியவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். ‘மா’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மா பூத்தது என்றால் மரம். மா ஓடியது என்றால் விலங்கு. பலபொருள் ஒருசொல் என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் தனியாகவே வகுத்துவைத்திருக்கிறார். சொல்லுக்குள் பொருள் அடைந்து கிடப்பதில்லை, அருகில் நிற்கும் வினைதான் பொருளைப் பிரித்துக் கொடுக்கிறது. ஹெட்ஜ்ஹாக்கும் ஒரு ‘மா’. மொட்டில் விழுந்தால் விரல், சிறுமூளையில் விழுந்தால் நரம்பு, காவலற்ற செல்லில் அதன் எதிரொலி கட்டி. ஒரே சொல் எப்படி மரமாகவும் குதிரையாகவும் இருக்க முடியும், இது தர்க்கத்துக்கு அவமானம் என்று பள்ளிப் பரீட்சையில் எழுதியிருந்தால் என்ன மதிப்பெண் வந்திருக்கும் என்று அவரே யோசித்துப் பார்க்கட்டும்.

மூன்றாவது வாதம், ஈ. ஈயிலிருந்து மனிதனுக்குத் தாவுவது மேற்கின் ஆணவமாம். 1973இல் ஒரு சிறு குறிப்பு வெளியானது: பழ ஈயில் இறகில்லாத ஒரு புதிய வகை கிடைத்திருக்கிறது, பெயர் ‘விங்லெஸ்’. எழுதியவர் ஆர். பி. சர்மா. இடம், புது தில்லியில் பூசா என்று எல்லோரும் அழைக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம். மூன்று ஆண்டு கழித்து வி. எல். சோப்ராவுடன் சேர்ந்து அதை விரிவாக எழுதினார். 1982இல் சான் பிரான்சிஸ்கோவில் ரோல் நுஸ்ஸேயும் ஹெரால்டு வார்மஸும் முற்றிலும் வேறொரு கேள்வியோடு உட்கார்ந்திருந்தார்கள்: சுண்டெலிக்கு மார்புப்புற்று உண்டாக்கும் வைரஸ் எந்த மரபணுவின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு அதைக் கிளப்பிவிடுகிறது? கிடைத்ததற்கு ‘இன்ட்-1’ என்று பெயரிட்டார்கள். 1987இல் ஈயில் அதன் இணையைத் தேடிப் போனபோது அது விங்லெஸ்ஸாகவே இருந்தது. தில்லியில் இறகைத் தொலைத்த ஈயும் கலிஃபோர்னியாவில் கட்டி வளர்த்த எலியும் ஒரே மரபணுவைச் சுட்டிக்காட்டி நின்றன. இரண்டு பெயரையும் பிசைந்து ‘விண்ட்’ என்று ஒன்றாக்கினார்கள். மனிதக் குடலின் உள்தோல் சில நாள்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது இந்த விண்ட் பாதையால். அந்தப் பாதைக்குக் கடிவாளம் போடும் ஏபிசி என்ற மரபணு, பெருங்குடல் புற்றுகளில் ஏறத்தாழ 80 சதவீதத்தில் பழுதாகியிருக்கிறது. தாவியது யார்? ஆராய்ச்சியாளர் தாவவில்லை. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஈக்கும் நமக்கும் பொதுவாக இருந்த மூதாதை கொடுத்த சீதனம் இரண்டு வீட்டிலும் அப்படியே இருக்கிறது, அவ்வளவே. பூசா எப்போது மேற்குலகில் சேர்ந்தது என்பதை மட்டும் கட்டுரையாளர் தெரிவிக்க வேண்டும், வரைபடத்தைத் திருத்தலாம்.

மருந்து எங்கே என்கிறார். கேட்பதற்கு முன் மருந்துக் கடையை ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம். ஸ்மூத்தெண்டை அடக்கும் விஸ்மோடெகிப் 2012 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முற்றிப்போன அடித்தளச் செல் புற்றுக்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. சரி, அது எல்லோரையும் குணப்படுத்திவிடவில்லை என்பார். உண்மை. 2009இல் வெளியான ஒரு நிகழ்வு அறிக்கையில், அந்த மருந்தால் மெடுல்லோபிளாஸ்டோமா கட்டிகள் கரைந்து, சில மாதங்களில் மீண்டும் எழுந்தன. எழுந்த கட்டியை ஆராய்ந்தபோது, மருந்து போய் உட்காரும் இடத்தில் ஸ்மூத்தெண்டு தன் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டிருந்தது. இதைத் தோல்வி என்று கட்டுரையாளர் கணக்கில் எழுதுகிறார். திருடன் பூட்டை மாற்றிவிட்டுப் போனான் என்றால், அந்த வீடு அவனுக்குத் தேவைப்படவில்லை என்றா பொருள்? அந்தப் பாதை இல்லாமல் பிழைக்க முடியாது என்று கட்டியே வாக்குமூலம் கொடுத்த பிறகும் வழக்கறிஞர் ‘ஆதாரம் இல்லை’ என்கிறார்.

இதைவிடச் சுவையானது நாட்ச் என்ற மரபணுவின் கதை. ஈயின் இறகோரத்தில் வெட்டு விழுந்ததால் அந்தப் பெயர். கருவில் அருகருகே நிற்கும் இரண்டு செல்கள், ‘நீ நரம்பாகு, நான் தோலாகிறேன்’ என்று பாகம் பிரித்துக்கொள்ளும் பத்திரம் அது. குழந்தைகளுக்கும் வரும் டி-செல் இரத்தப்புற்றில் பாதிக்கும் மேல் நாட்ச்-1 ஓயாமல் இயங்கும்படி பிறழ்ந்திருப்பது 2004இல் தெரிந்தது. அடக்கிவிட்டால் தீர்ந்ததா? 2011இல் தலை, கழுத்துப் புற்றுகளைப் படித்தபோது அதே நாட்ச்-1 அங்கே செயலிழந்து கிடந்தது. அங்கே அது இருந்தால் காவல், போனால் கேடு. மறதிநோய்க்காக, நாட்சையும் சேர்த்துத் தடுக்கும் ஒரு மருந்தை முதியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை 2010இல் நிறுத்தப்பட்டது. நினைவு தேறவில்லை, தோல்புற்று கூடிற்று. மா பூத்தது, மா ஓடியது. ஒரே மாத்திரையால் எல்லாப் புற்றையும் நிறுத்த முடியாமல் போவது இந்தக் கொள்கை சொன்னபடியே நடந்திருப்பது. கொள்கை சொன்னது நடந்ததை வைத்தே கொள்கையைப் பொய்யாக்கும் வித்தையை அரிஸ்டாட்டிலும் அறியார், நம் தருக்க நூலாரும் அறியார்.

வென்ற கதை ஒன்று கட்டுரையில் இல்லவே இல்லை. முன்மைலோசைட்டிக் இரத்தப்புற்று ஒரு காலத்தில் மிக விரைவாக ஆளைக் கொல்வதாக இருந்தது. ஷாங்காயில் வாங் ஜென்யி குழுவினர், வைட்டமின் ஏயின் வழித்தோன்றலான ரெட்டினாயிக் அமிலத்தைக் கொடுத்து 1988இல் அறிக்கை வெளியிட்டார்கள். 24 நோயாளிகளில் 23 பேருக்கு அந்த மருந்து மட்டுமே நோயைத் தணித்தது. அது செல்லைக் கொல்லவில்லை. பாதியில் நின்றுபோன முதிர்ச்சியை முடித்து வை என்று சொல்லிற்று, செல்லும் கேட்டது. ரெட்டினாயிக் அமிலம் யார்? கருவில் முதுகுத்தண்டையும் பின்மூளையையும் வரிசைப்படுத்தும் சமிக்ஞைகளில் ஒன்று. அதனால்தான் அதே குடும்பத்து முகப்பரு மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது என்கிறார்கள். கருவியலும் புற்றியலும் ஒரே நோட்டுப் புத்தகத்தின் இரு பக்கங்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? சாட்சியைக் கூண்டில் ஏற்றாமலே தீர்ப்பெழுதியவர் அதைத் தெரியாமல் விட்டாரா, தெரிந்து விட்டாரா?

ஐந்தாவது வாதத்துக்கு வரும்போது கட்டுரையாளர் தம் காலைத் தாமே வாரிவிட்டுக்கொள்கிறார். கருவின் முழுமையறிவுக்குச் சான்றாக, 1975இல் பிலடெல்பியாவில் பீட்ரிஸ் மின்ட்ஸும் கார்ல் இல்மென்ஸீயும் செய்த சோதனையைச் சிலாகிக்கிறார். டெரட்டோகார்சினோமா என்ற கட்டியின் செல்களைச் சுண்டெலியின் இளங்கருவுக்குள் செலுத்தினார்கள். பிறந்த எலிகள் நலமாக இருந்தன, அவற்றின் உறுப்புகளில் கட்டிச் செல்லின் சந்ததிகள் ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தன. அருமையான சோதனை, மறுக்கவில்லை. ஆனால் ஐயா, அந்தப் புற்றுச் செல்லைக் கரு எதால் திருத்திற்று? கண்ணால் ஜாடை காட்டியா? மூன்றாம் பக்கத்தில் இல்லை என்று கொளுத்திய சமிக்ஞையின் சாம்பலிலிருந்துதானே பதினோராம் பக்கத்தில் விபூதி எடுத்துப் பூசியிருக்கிறீர்கள்? மரபணுக்கள் பெரிதாகச் சேதமாகாத அந்தக் கட்டிக்கு வாய்த்தது எல்லாப் புற்றுக்கும் வாய்க்கும் என்று தாவியதும் நீங்கள்தான். ஈயிலிருந்து மனிதனுக்குத் தாவுவதைவிட இது நீண்ட தாவல்.

முழுமையறிவு, கருவறையின் தவறாத ஞானம் என்றெல்லாம் உருகுபவர், அமெரிக்காவின் ஐடஹோ மலைப்புல்வெளிக்கு ஒரு நடை போய்வரட்டும். 1950களில் அங்கே நெற்றி நடுவில் ஒற்றைக் கண்ணோடு ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. வேளாண் துறையினர் ஆண்டுக்கணக்கில் ஆடுகளின் பின்னால் திரிந்து காரணத்தைக் கண்டார்கள்: தாய் ஆடு சினைப்பட்ட 14ஆம் நாளை ஒட்டி ‘கார்ன் லில்லி’ என்ற காட்டுச்செடியை மேய்ந்திருக்கிறது. மாசற்ற மலை, மருந்தடிக்காத மூலிகை, இயற்கையான மேய்ச்சல். நாகரிகத்தின் நிழல்கூடப் படாத இடம். கருவின் ஞானம் அன்றைக்கு எங்கே போயிருந்தது? செடியில் இருந்த நச்சுக்கு சைக்ளோபமின் என்று பெயர் வந்தது. அது சோனிக் ஹெட்ஜ்ஹாக்கின் பாதையை அடைக்கிறது என்பதை 1998இல் ஃபிலிப் பீச்சியின் குழு காட்டிற்று. முகத்தை நடுவில் பிரித்து இரு கண்ணாக்கும் சமிக்ஞை எட்டாததால் ஒரு கண்ணோடு நின்றுவிட்டது குட்டி. கருவில் அந்தப் பாதையை அடைத்தால் முகம் கெடுகிறது. கட்டியில் அடைத்தால் கட்டி சுருங்குகிறது. விஸ்மோடெகிப் பிறந்தது இந்த அறிவின் வழியில்தான். அதன் உறையில் கருவுக்குக் கேடு என்ற எச்சரிக்கை கட்டம் கட்டி அச்சிடப்பட்டிருப்பதும் இதனால்தான். ஆட்டிடையர்களின் துயரம், ஈயின் முள், ஜெர்மானியப் பட்டியல் எல்லாம் ஒரு மாத்திரையில் வந்து சேர்கின்றன. இதைவிட முழுமையான பார்வையை முழுமைவாதிகள் எங்கே காட்டியிருக்கிறார்கள்?

அப்படியானால் இவ்வளவு தெரிந்த உண்மைகளின் மேல் ஏன் இவ்வளவு கோபம்? கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் விடை இருக்கிறது. பேராசையின் உடல்வடிவமே புற்று, அடக்கிய துக்கமே கட்டி என்று முடிக்கிறார். அவருக்கு வேண்டியது நோயின் காரணமல்ல, நீதிக்கதை. புற்று ஒரு பாவத்தின் கூலியாக இருந்தால்தான் பிரசங்கம் செய்ய முடியும். காவல் புரதம் ஒன்றில் எழுத்துப்பிழை விழுந்ததால், வளர்ச்சியின் ஆணை நிறுத்தமில்லாமல் ஓடிற்று என்றால் யாரைக் குற்றம் சாட்டுவது? மேடை காலியாகிவிடுகிறதே! புகையிலையும் வெயிலும் நச்சும் அந்த எழுத்துப்பிழைகளைப் பெருக்கும் என்பதை யாரும் மறுக்கவில்லை. அதைச் சொல்லிப் பீடியை நிறுத்தச் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பேன். அவர் சொல்வதோ வேறு: நோயாளியின் மனமே குற்றவாளி. பேட்ச்டு பழுதாகப் பிறந்து மூளைக்கட்டியோடு படுத்திருக்கும் நான்கு வயதுக் குழந்தை எந்தப் பேராசையை உடலில் சுமந்தது, எந்தத் துக்கத்தை அடக்கியது? அதன் தாயின் எதிரில் உட்கார்ந்து அந்தக் கடைசிப் பக்கத்தை வாய்விட்டுப் படிக்க அவருக்குத் துணிவு இருக்கிறதா? உருவகத்தைக் கண்டித்துத் தொடங்கிய கட்டுரை, நோயாளியின் உடலையே உருவகமாக்கி முடிகிறது. இதைத்தான் முரண்பாடு என்று நான் சொல்கிறேன்; ஆக்கமும் அழிவும் ஒரே மூலக்கூறில் இருப்பதை அல்ல.

அவர் மறுமொழி எழுதுவார், எழுதட்டும். ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். கருவில் அவர் கை ஒரு மொட்டாக இருந்தபோது, சுண்டுவிரல் பக்கத்து ஓரம்தான் சோனிக் ஹெட்ஜ்ஹாக்கைச் சுரந்தது. அதிகம் கிடைத்த பக்கத்தில் சுண்டுவிரல் வந்தது, அதன் தேவையில்லாத கோடியில் கட்டைவிரல் வந்தது. பேனாவைப் பிடிக்கக் கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்றவை எதிர்ப்பக்கமும் இருந்தாக வேண்டும். சமிக்ஞை என்று எதுவும் இல்லை என்பதை எழுதிய கை, அந்தச் சமிக்ஞை செய்து கொடுத்த கை.